வீட்டிலேயே கொய்யாப் பதியன்கள்

நன்கு காய்க்கும் கொய்யா மரத்தின் விதையை ஊன்றிக் கன்று வளர்ப்பது பலரது வழக்கம். ஆனால் விதைக் கன்று தாய் மரத்தைப் போலவே காய்க்கும் என்று சொல்வதற்கில்லை. கொய்யாவில் அயல் மகரந்தச் சேர்க்கையும் நிகழ்வதே இதற்குக் காரணமாகும். மூன்று, நான்கு ஆண்டுகள் நீர் பாய்ச்சிய பின்னரே காயின் குணம் தெரியவரும். விண்பதியக் கன்றோ தாய் மரத்தின் குணத்தை அப்படியே பெற்றிருக்கும். விரைவிலேயே காய்ப்புக்கும் வரும்.

கிளைத் தேர்வு

பதியம் போட மழைக்காலம் ஏற்றது. லக்னோ 49 போன்ற நல்ல இரகத்தில், நோயற்ற மரத்தில், பென்சில் பருமனுள்ள முதிர்ந்த கிளையைத் தேர்ந்தெடுக்கவும். வாடல் நோய் கண்ட மரத்தில் பதியம் போடக்கூடாது.

செய்முறை

நுனியிலிருந்து சுமார் 45 செ.மீ. கீழே, கிளையைச் சுற்றி 2.5 செ.மீ. அகலத்திற்குப் பட்டையை வளையமாக நீக்கவும். கட்டையின் மேலுள்ள வழவழப்பான படலத்தையும் கத்தியால் சுரண்டிவிட வேண்டும். சுரண்டாவிடில் பட்டை மீண்டும் கூடிவிடும், வேர் வராது.

இலைகள் தயாரிக்கும் உணவு பட்டை வழியே கீழிறங்குகிறது. வளையம் அதைத் தடுப்பதால், வெட்டின் மேல் விளிம்பில் உணவு தேங்கி, அங்கேயே வேர் தோன்றும். நீர் கட்டை வழியே மேலேறுவதால் கிளை வாடுவதில்லை. ஆகவே வேர் ஊக்கிப் பொடியை மேல் விளிம்பிலேயே தடவ வேண்டும்.

பின்னர் நனைத்துப் பிழிந்த பாசியை வெட்டின் மீது ஒரு கைப்பிடியளவு வைத்து, பாலித்தீன் தாளால் மூடி, இருமுனைகளையும் சணலால் இறுகக் கட்டவும். நீர் உட்புகுந்தால் கிளை அழுகும்.

பிரித்தெடுத்தல்

சுமார் இரண்டு மாதங்களில் தாளின் வழியே வேர்கள் தெரியும். அப்போது கட்டுக்குக் கீழே பாதியளவு வெட்டிவிட்டு, 10 நாட்கள் கழித்து முழுவதும் வெட்டி எடுக்கவும். ஒரே முறையில் வெட்டினால் கன்று வாடிப்போக நேரிடும். பாலித்தீனை நீக்கி, இலைகளில் பாதியைக் கிள்ளிவிட்டு, பையில் நட்டு நிழலில் வைத்துப் பேணவும். புதுத் தளிர் விட்டு நிலைத்த பின் வயலில் நடலாம்.

பதியனுக்கு ஆணிவேர் கிடையாது. எனவே காற்றில் சாயாதிருக்கக் குச்சி நட்டுக் கட்டவும். முதல் கோடையில் நீர் தவறாமல் பாய்ச்சவும்.