வளவில் நுளம்புப் பொறி

மாரி மழை தொடங்கியதும் களுவாஞ்சிக்குடி வளவுகளிற் கிடக்கும் சிரட்டை, பேணி, பழைய டயர் ஆகியவற்றில் நீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 180,000க்கு மேற்பட்டோர் டெங்குச் சந்தேக நோயாளராகப் பதிவாயினர். இந்நுளம்பின் முட்டைகளைப் பிடித்தழிக்கும் பொறியை வீட்டிலேயே செய்யலாம்.

செய்முறை: முதலில் வளவிலுள்ள சிரட்டைகளையும் பேணிகளையும் அகற்றுக, அவை கிடந்தால் நுளம்பு பொறியை நாடாது அவற்றிலும் முட்டையிடும். பின் வெற்றுப் பால்மாப் பேணியொன்றுக்குக் கறுப்பு நிறம் பூசி, அரைப்பங்கு நீர் ஊற்றுக. பருத்தித் துணிப் பட்டையொன்றை, பாதி நீரில் அமிழுமாறு உட்சுவரிற் பொருத்துக. மழை விழாத நிழலில் வைக்குக. நீர்மட்டத்துக்குச் சற்று மேலுள்ள ஈரத்துணியில் நுளம்பு முட்டையிடும்.

எச்சரிக்கை: முட்டை நுளம்பாவதற்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாள்களே செல்லும். எனவே 5 நாள்களுக்கொருமுறை நீரை வெயில்படும் மணலில் ஊற்றி, துணியை எரித்து, பேணியைத் தேய்த்துக் கழுவி, புதுத்துணி இடுக. நீரை மட்டும் மாற்றுதல் போதாது. உலர்ந்த முட்டை பல மாதம் உயிருடனிருந்து, நீர் பட்டதும் பொரிக்கும்.

இவ்வாறு தவறாது கவனிக்க இயலாதோர் பொறி வையாதிருப்பதே நன்று. மறந்துவிட்ட பொறி நுளம்புப் பண்ணையாகும்.