பி.பி.இ. படிக்கப் போகிறவர்கள் காதில் விழும் கதைகள்

தத்துவம், அரசியல், பொருளாதாரம் மூன்றையும் ஒரே பட்டமாகப் படிக்கும் படிப்புக்குச் சுருக்கமாக பி.பி.இ. என்று பெயர். எந்தக் கல்லூரியில் இருக்கிறது என்று விசாரிக்கப் போனால், விவரத்தைவிடக் கதைகள்தான் அதிகம் கிடைக்கின்றன.

நம்பிக்கை: பி.பி.இ. என்றால் ஆக்ஸ்ஃபோர்டு, மற்றதெல்லாம் நகல்.

பிறந்த வீடு ஆக்ஸ்ஃபோர்டுதான், மறுக்கவில்லை. கிரேக்கமும் லத்தீனும் கரைத்துக் குடித்தவரே ஆளத் தகுந்தவர் என்றிருந்த இடத்தில், நடப்பு உலகத்தையும் பாடமாக வைக்கலாமே என்று 1920 வாக்கில் தொடங்கினார்கள். இன்று பிரிட்டனிலேயே யார்க், வார்விக், டர்ஹாம், மான்செஸ்டர் என்று பல இடங்களில் இருக்கிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா, பொமோனா, சிங்கப்பூரில் தேசியப் பல்கலைக்கழகம் (என்.யு.எஸ்.); இந்தியாவில் ஹரியானா சோனிபட்டில் உள்ள அசோகா பல்கலைக்கழகம்.

நம்பிக்கை: பெயர் இருந்தால் படிப்பு இருக்கும், பெயர் இல்லாவிட்டால் இல்லை.

அதிகம் பேரைத் திசைதிருப்புவது இதுதான். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பி.பி.இ. என்று தேடினால் கைக்கு எதுவும் சிக்காது. அங்கே அதற்கு ‘அறவியல், அரசியல், பொருளாதாரம்’ என்று பெயர். கேம்பிரிட்ஜில் இப்படியொரு கூட்டுப் பட்டமே கிடையாது. வேடிக்கை என்னவென்றால், பொருளாதாரம் அங்கே ஒரு காலத்தில் தத்துவத்தோடு ஒரே கூரையின் கீழ்தான் இருந்தது. பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் மல்லுக்கட்டி, 1903-இல் அதைத் தனிக்குடித்தனம் வைத்தார்.

பெயர் இருந்தும் உள்ளே சரக்கு இல்லாமல் போகலாம். மூன்று துறைகள், மூன்று கட்டடங்கள், அவரவர் பாடத்தை அவரவர் நடத்திவிட்டுப் போவார்கள். முடிச்சுப் போடும் வேலை மாணவன் தலையில். முடிச்சு என்றால் என்ன? இங்கிலாந்தில் 2012-இல் கல்லூரிக் கட்டணத்தின் உச்சவரம்பை ஆண்டுக்கு 9,000 பவுண்டாக உயர்த்தினார்கள். கடன் வாங்கிப் படித்துப் பின்னால் சம்பளத்திலிருந்து கட்டினால் ஏழைப் பிள்ளைக்கு லாபமா நஷ்டமா என்பது பொருளாதாரக் கேள்வி. உயர்த்தவே விடமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த லிபரல் டெமாக்ரட் கட்சி, கூட்டணி ஆட்சியில் உட்கார்ந்ததும் ஏன் வழிவிட்டது, 57 இடங்கள் வைத்திருந்த அந்தக் கட்சி 2015-இல் 8-க்குச் சுருங்கியதில் இதற்கு எவ்வளவு பங்கு என்பது அரசியல். படிப்பு சமூகத்தின் பொறுப்பா, படித்துச் சம்பாதிப்பவரின் சொந்த முதலீடா என்பது தத்துவம். ஒன்றுக்குச் சொல்லும் பதில் மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு வரும். இப்படி மூன்றையும் ஒரே மேசையில் போட்டுப் பேசவைக்கும் தாள் ஒன்றாவது பாடத்திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விளையாட்டுக் கோட்பாடு, அரசியல் பொருளாதாரம், பொருளாதாரத்தின் தத்துவம் என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். இல்லையென்றால், மூன்று படிப்புகளை ஒரே கட்டணத்தில் வாங்குகிறீர்கள், அவ்வளவுதான்.

நம்பிக்கை: மூன்றையும் கடைசிவரை சமமாகப் படிக்க வேண்டும்.

இது இடத்துக்கு இடம் மாறும். ஆக்ஸ்ஃபோர்டில் முதல் ஆண்டு மூன்றும் கட்டாயம். அதன்பிறகு ஒன்றைக் கைவிட்டு இரண்டோடு போகலாம். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இதை நான்காண்டுப் படிப்பாகவே வைத்திருக்கிறது. அங்கே படித்தேன், இங்கே படித்தேன் என்று இருவர் சொல்வது ஒரே படிப்பைப் பற்றி அல்ல.

நம்பிக்கை: ஆர்ட்ஸ் படிப்புதானே, கணக்குக்கு முழுக்குப் போட்டுவிடலாம்.

இதை நம்பிச் சேர்ந்தவர்கள் முதல் பருவத்திலேயே முழிப்பார்கள். பொருளாதாரத் தாளில் நுண்கணிதம் வரும், புள்ளியியல் வரும். தத்துவம் காப்பாற்றும் என்று அங்கே ஓடினால், ஆக்ஸ்ஃபோர்டின் முதலாண்டுத் தத்துவத்தில் குறியீட்டுத் தர்க்கம் காத்திருக்கும். அதுவும் ஒருவகைக் கணக்குதான். பிளஸ் டூவில் வரலாறு, பொருளியல் குரூப் எடுத்துக் கணக்கைத் தொடாமல் வந்தவர்கள், விண்ணப்பிக்கும் முன் சேர்க்கைத் தகுதியில் கணிதம் கேட்கிறார்களா என்பதை வரிக்கு வரி படிக்க வேண்டும். கேட்காவிட்டாலும் விடுமுறையில் வகையீடு வரைக்கும் போட்டுப் பழகுவது நல்லது.

நம்பிக்கை: இதைப் படித்தால் பிரதமர் ஆகலாம்.

பிரிட்டிஷ் பிரதமர்கள் ஹரோல்ட் வில்சன், எட்வர்ட் ஹீத், டேவிட் கேமரன், லிஸ் டிரஸ், ரிஷி சுனக் ஆகியோர் ஆக்ஸ்ஃபோர்டில் இதைப் படித்தவர்கள். பாகிஸ்தானுக்கு பெனாசிர் புட்டோவும் இம்ரான் கானும். பட்டியல் நீளம்தான். ஆனால் அதே ஆக்ஸ்ஃபோர்டில் மார்கரெட் தாட்சர் படித்தது வேதியியல், டோனி பிளேர் சட்டம், தெரசா மே புவியியல். டிரஸ் பதவியில் நீடித்தது 50 நாள் என்பதையும் பட்டியலோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக்ஸ்ஃபோர்டுக்குள்ளேயே எந்தக் கல்லூரி பி.பி.இ.க்கு உசத்தி என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்களும் உண்டு. பாடத்திட்டம், விரிவுரை, தேர்வு, பட்டம் எல்லாம் பல்கலைக்கழகத்துக்குப் பொது. தங்குவதும், எழுதிய கட்டுரையோடு ஆசிரியர் முன்னால் ஓரிருவராக உட்கார்ந்து பதில் சொல்வதும் பெரும்பாலும் கல்லூரியில். எந்தக் கல்லூரி என்று குறிப்பிடாமலும் விண்ணப்பிக்கலாம்.

வெளிநாட்டுக்குப் பணம் புரளாது என்பவர்கள் டெல்லி பல்கலைக்கழகத்தின் பி.ஏ. புரோகிராமைப் பார்க்கலாம்; தத்துவத்தோடு அரசியல் அறிவியல், பொருளாதாரத்தோடு அரசியல் அறிவியல் என்று இரண்டிரண்டாகச் சேர்த்துப் படிக்க முடியும். எந்தக் கல்லூரியில் எந்த ஜோடி என்பது வேறுபடும். தெலங்கானா கல்லூரிகளின் ‘ஹெச்.இ.பி.’யில் வரலாறு, பொருளாதாரம், அரசியல் கிடைக்கும், தத்துவம் இராது. சென்னையில், தாம்பரம் கிறித்தவக் கல்லூரி போல மூன்று துறைகளும் ஒரே வளாகத்தில் உள்ள இடங்களில் ஒன்றை மேஜராக எடுத்து, மற்ற இரண்டில் எதை அலைடாகத் தருவார்கள் என்று துறைத்தலைவரிடம் நேரில் கேட்டுக்கொள்ள வேண்டும். சேர்க்கை முடிந்தபின் மாற்றுவது லேசில் நடக்காது.