சோதனைக் குழாயில் மிளகாய்ப் பொடி

போன வாரம் கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் அனிலீனுக்குச் சாயச் சோதனை செய்தோம். ஆரஞ்சு சிவப்பாக வீழ்படிவு வந்ததும், "அய்! மிளகாய்ப் பொடி!" என்றாள் பக்கத்தில் நின்றவள். எல்லோரும் சிரித்தோம். சார் மட்டும் சிரிக்கவில்லை. ஏன் சார்னு கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதியிருக்கிறேன்.

முதலில் அமீன். அமோனியாவின் மூன்று ஹைட்ரஜனில் ஒன்றை எடுத்துவிட்டு அங்கே ஒரு கார்பன் தொகுதியை வைத்தால் ஓரிணைய அமீன். நைட்ரஜன் மேல் ஒரு ஜோடி எலக்ட்ரான் பிணைப்பில் சேராமல் தனியாக நிற்கும். அமிலத்தின் புரோட்டானைப் பிடிப்பது அந்த ஜோடிதான், அதனால் அமீன் ஒரு காரம். மெத்திலமீன் அமோனியாவைவிட வலுவான காரம். அனிலீனில் அந்த ஜோடியைப் பென்சீன் வளையம் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அதனால் அது அமோனியாவைவிடச் சுமார் 40,000 மடங்கு வலு குறைந்த காரம். (இந்த வரிசையை மாற்றி எழுதி நான் இரண்டு மார்க் விட்டிருக்கிறேன்!)

இப்போ சோதனை. அனிலீனை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, ஐஸில் வைத்து, சோடியம் நைட்ரைட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடணும். கிடைப்பது டையசோனியம் உப்பு. 0 முதல் 5 டிகிரிக்குள் வைத்தால்தான் அது நிற்கும். நான் அவசரப்பட்டு ஐஸ் இல்லாமலே ஊற்றினேன். நுரை நுரையாக நைட்ரஜன் ஓடிப்போனது, மிஞ்சியது ஃபீனால். மறுபடி முதலிலிருந்து!

ஒழுங்காக வந்த உப்பை, சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்த பீட்டா நாப்தாலில் ஊற்றினால் நடுவில் இரண்டு நைட்ரஜனும் இரட்டைப் பிணைப்போடு நிற்க, இருபுறமும் வளையங்கள் சேர்ந்து அசோ சாயம் ஆகிறது. அதன் பெயர் சூடான் 1. மெழுகு, பாலிஷ் இவற்றுக்கு நிறம் கொடுக்கும் சரக்கு.

சார் சிரிக்காததற்குக் காரணம் இதுதான். 2003ல் இந்தியாவிலிருந்து போன மிளகாய்ப் பொடியில் இதே சூடான் 1 கலந்திருப்பதை பிரான்சில் கண்டுபிடித்தார்கள். 2005ல் இங்கிலாந்தில், அப்படிப்பட்ட பொடி சேர்த்த ஒரு சாஸால் 400க்கும் மேற்பட்ட உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். நம் நாட்டிலும் உணவில் இதற்கு அனுமதி இல்லை. வயிற்றுக்குள் போனால் குடல் பாக்டீரியா அசோ பிணைப்பை உடைத்து மறுபடி அமீனாக்கிவிடும். எலிகளுக்குத் தீவனத்தில் கொடுத்தபோது கல்லீரலில் கட்டிகள் வந்தன.

எங்க அம்மா கடைப் பொடியைத் தண்ணீர் டம்ளரில் தூவிப் பார்ப்பாங்க. சாயம் கோடுகோடாக இறங்கினால் கலப்படம். தண்ணீரில் கரையும் சாயத்துக்கு அது சரி. சூடான் 1 எண்ணெயில்தான் கரையும், டம்ளரில் மாட்டாது. எண்ணெயில் போட்டுப் பார்த்தாலும் பயனில்லை, நல்ல மிளகாயின் சிவப்பும் எண்ணெயில்தானே இறங்குது! லேபில் குரோமட்டோகிராபி செய்துதான் பிரிக்க முடியும். இதைச் சொன்னதிலிருந்து எங்க வீட்டில் வரமிளகாய் வாங்கி, காயவைத்து, ஜூஜுவாடியிலேயே மில்லில் அரைக்கிறோம். தூக்கிக்கொண்டு போறது நான்தான்.

உங்களுக்கு ஒரு கேள்வி: பென்சைலமீனும் ஓரிணைய அமீன், அதிலும் பென்சீன் வளையம் இருக்கிறது. ஆனால் இந்தச் சாயத்தைத் தராது. ஏன்? அமினோ தொகுதி எந்தக் கார்பனில் உட்கார்ந்திருக்கிறது என்று படம் போட்டுப் பாருங்கள். விடை அடுத்த இதழில்.