விபுலாநந்த அடிகளும் ஆசிரியர் கடனும்

மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் பயின்ற நம்மனோர்க்கு ஒரு வினா எழுவதுண்டு. பிறமொழிக் கல்வி நம் சமயத்துக்கும் தமிழுக்கும் இடையூறாகுமோ, துணையாகுமோ என்பதே அது. அதற்கு விடையாக வாழ்ந்து காட்டியவர் சுவாமி விபுலாநந்தர்.

காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்த அடிகளுக்குப் பிள்ளைத்திருநாமம் மயில்வாகனம். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கிறித்தவ சமயத்தார் நடாத்திய பாடசாலைகளிற் கற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதராயினார். 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் பதவியைத் துறந்து, 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடஞ் சேர்ந்து, 1924இல் துறவு பூண்டார். ஈழத்துக்கு மீண்டபின் இராமகிருஷ்ண சங்கப் பாடசாலைகளைப் பரிபாலித்தார். நமது திருக்கோணமலை இந்துக் கல்லூரியும் அவர் அதிபராயிருந்து வளர்த்ததொன்றாம். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். 1947ஆம் ஆண்டு யூலை 19ஆந் திகதி இறைவனடி சேர்ந்தார்.

இனி, அவர்தம் எழுத்தை நோக்குவாம். 1926இல் வெளிவந்த மதங்க சூளாமணி, சேக்கிற்பியரின் நாடகங்கள் பன்னிரண்டினைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராய்வது. ஆங்கிலவாணி என்னுங் கட்டுரையும் அத்தகையதே. பிறமொழிச் செல்வத்தைக் கண்டு மயங்காமலும் வெறுக்காமலும் அளந்தறியும் நடுவுநிலை அவற்றில் விளங்கும். ‘ஈசன் உவக்கும் இன்மலர் மூன்று’ என்ற பாட்டிலோ, வண்ண மலர்களினும் அன்பரது உள்ளமும் கூப்பிய கையும் விழியுமே இறைவன் விரும்பும் மலர்களென்பதை இளஞ்சிறாரும் உணருமாறு பாடினார்.

அடிகளது பெருநூலாகிய யாழ்நூல் 1947ஆம் ஆண்டு திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. இசைநரம்புகளின் அளவைக் கணிதத்தால் வரையறுத்து, மறைந்த யாழின் இயல்பை அந்நூல் துலக்குகின்றது. விஞ்ஞானப் பயிற்சியும் தமிழ்ப் புலமையும் இங்கே ஒன்றாயின. அதிலுள்ள தேவாரவியல் சைவ ஆசிரியர் ஒவ்வொருவருங் கற்றற்குரியது.

இதனால் நாம் செய்யக்கடவது யாது? தேவாரத்தைப் பரீட்சைக்குரிய மனனப் பாடமாக மாத்திரம் நடாத்துவோமாயின், பண்ணிழந்த பாட்டே பிள்ளைகளுக்கு எஞ்சும். திருஞானசம்பந்தர் நம் கோணேசப் பெருமான்மேற் பாடிய திருப்பதிகம் புறநீர்மைப் பண்ணில் அமைந்தது. துறைமுகத்தைச் சூழ வாழும் நம் பிள்ளைகள் தம்மூர்ப் பதிகத்தைத்தானும் அதற்குரிய பண்ணோடு பாட அறியாதிருத்தல் தகுமோ? ஓதுவார் ஒருவரை அழைத்து முதலில் ஆசிரியர் கற்க. பின் மாணவர்க்குக் கற்பிக்க. பொருளை அதன்பின் விளக்குக. விஞ்ஞான ஆசிரியரும் ஒதுங்கியிருத்தல் வேண்டா. நரம்பின் நீளங் குறையச் சுருதி உயர்வதை ஒரு கம்பியைக் கட்டிக் காட்டினால், பௌதிக பாடமும் பண்ணிசையும் ஒருங்கே விளங்கும்.

அடிகளைப் புகழ்ந்து விழாவெடுத்தல் எளிது. அவர் கற்றவாறு கற்பித்தலே அரிது. அதுவே ஆசிரியர் கடன்.

திருச்சிற்றம்பலம்.