மலை இறக்கத்தில் சைக்கிள்: ஊர் சொல்வதும் உண்மையும்

விடுமுறை நாள் காலைகளில் தர்மபுரியிலிருந்து வத்தல்மலைக்குச் சைக்கிள் மிதித்து ஏறும் இளைஞர்களைப் பார்க்கலாம். ஏறும்போது மூச்சு வாங்குவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். நெஞ்சு படபடப்பதோ இறங்கும்போதுதான். கொண்டை ஊசி வளைவு, ஓரத்தில் பள்ளம், எதிரே ஹாரன் அடித்தபடி ஏறிவரும் வண்டி. அந்தப் பயத்துக்கு ஊரில் கிடைக்கும் அறிவுரைகளில் சில ஆளைக் கீழே தள்ளக்கூடியவை. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

‘பயம் போனால்தான் இறக்கத்தில் ஓட்ட வரும்’

நடப்பது இதற்கு நேர்மாறு. ஓட்டப் பழகப் பழகத்தான் பயம் குறையும். பயந்தவுடன் உடம்பில் அட்ரீனலின் சுரக்கிறது, தோள் இறுகுகிறது, விரல்கள் ஹேண்டில் பாரை நெரிக்கின்றன. முழங்கை விறைத்துவிட்டால் ஒவ்வொரு கல்லின் அதிர்வும் நேராகத் தோளுக்கு வரும், சைக்கிளும் தன் போக்கில் திரும்பும். ‘பயப்படாதே’ என்று சொல்லி இதை மாற்ற முடியாது. உடம்புக்கு வேலை கொடுத்தால் மாறும். முழங்கையைக் கொஞ்சம் மடக்குங்கள். இரண்டு மிதிகட்டைகளையும் ஒரே மட்டத்தில் வைத்து, இடுப்பைச் சீட்டிலிருந்து சற்றே தூக்குங்கள். ஒரு விரலோ இரண்டு விரலோ பிரேக் மேல் இருக்கட்டும். வளைவுக்கு முன் மூச்சை நீளமாக வெளியே விடுங்கள்.

பழகுவதற்கு முழு மலையும் தேவையில்லை. வண்டி நடமாட்டமில்லாத ஒரு சின்ன இறக்கம் போதும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே போய், சலிப்புத் தட்டும்வரை அதிலேயே இறங்குங்கள். சலிப்புத் தட்டிய பிறகு அடுத்த இறக்கத்துக்குப் போகலாம்.

‘முன் பிரேக்கைப் பிடித்தால் தூக்கி அடித்துவிடும்’

அதிகம் பேர் நம்புவது இதைத்தான். விபத்துகளைக் கேட்டே பிறந்த நம்பிக்கை என்பதால் இதை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பிரேக் பிடித்தவுடன் ஆளின் எடை முன் சக்கரத்தின் மேல் சாய்கிறது, பின் சக்கரம் லேசாகிறது. இறக்கத்தில் அது இன்னும் லேசு. அப்போது பின் பிரேக்கை மட்டும் இறுக்கினால் டயர் தேய்ந்து வழுக்குமே தவிர, சைக்கிள் சீக்கிரம் நிற்காது. நிறுத்தும் வலு பெரும்பாலும் முன் பிரேக்கில்தான் இருக்கிறது.

தூக்கி அடிப்பது எப்போது? உடம்பு முன்னால் சாய்ந்திருக்கும் நிலையில், திடுக்கிட்டு ஒரே பிடியாக அமுக்கும்போது. எலுமிச்சம்பழம் பிழிவதுபோல அழுத்தத்தை மெதுவாகக் கூட்டி, அதே நேரத்தில் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளினால் சைக்கிள் பணிந்து நிற்கும். பள்ளிக்கூட மைதானத்தில் சமதரையிலேயே இதைப் பழகிக்கொள்ளலாம். அதற்கு முன் எந்தப் பிடி எந்தச் சக்கரத்துக்கு என்று பார்த்துவிடுங்கள். நம்மூரில் பொதுவாக வலக்கைப் பிடி முன் சக்கரத்துக்கு. கியர் சைக்கிள்களில் சிலவற்றில் மாறியிருக்கும். மணல், ஜல்லி சிதறிய வளைவுக்குள் நுழைந்த பிறகு முன் பிரேக்கை இறுக்கக் கூடாது. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்திருக்க வேண்டும்.

‘மேலிருந்து கீழ்வரை பிரேக்கை விடாமல் பிடித்திருந்தால் பத்திரம்’

இதற்குப் பதில் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது, தொப்பூர் கணவாயில். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கும் லாரியை என்ஜின் இழுத்துப் பிடிப்பதில்லை. மொத்தச் சுமையும் பிரேக்குக்கு வந்து, அது சூடேறிச் செயலிழக்கிறது. அந்த இறக்கத்தில் நடந்த விபத்துகளையும் போன உயிர்களையும் இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சைக்கிளுக்கோ என்ஜினே கிடையாது. அது எப்போதும் நியூட்ரலில்தான் இறங்குகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ, 300 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 2,35,000 ஜூல். முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். வேகமாகப் போகும்போது காற்று அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. பிரேக்கைத் தேய்த்தபடியே ஊர்ந்தால் ஏறக்குறைய எல்லாம் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும்தான் போய்ச் சேரும். ரிம் மிதமிஞ்சிச் சுட்டால் ட்யூப் வெடிக்கலாம். 1976இல் கலிபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் ஊரருகே பழைய கனத்த சைக்கிள்களில் மலை இறக்கப் பந்தயம் விட்ட இளைஞர்களுக்கும் இதே தொல்லைதான். பின் சக்கரத்தின் ஹப்புக்குள் இருந்த பிரேக் சூட்டில் கிரீஸ் புகைந்து போய்விடும். கீழே வந்ததும் புதிதாக அடைக்க வேண்டும். இன்றைய மவுண்டன் பைக் அங்கிருந்துதான் வளர்ந்தது.

ஆகவே வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். நேர்ச்சாலையில் சற்று விடுங்கள். இடையில் நின்று பிரேக்கையும் கையையும் ஆற விடுங்கள். டிஸ்க் பிரேக் சைக்கிள் என்றால் நின்றவுடன் டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், விரல் வெந்துவிடும். பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் மலைக்குப் போகும் பிள்ளைகள் பிரேக் கட்டையின் தேய்மானத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் பாதிகூடப் பிடிக்காது.

‘பள்ளத்தின் மேல் ஒரு கண் இருக்கட்டும்’

வேண்டாம். கண் போகிற பக்கம்தான் சைக்கிளும் போகும். வளைவின் வெளிவாயில் பார்வையை வையுங்கள். வெளிப்பக்கக் காலைக் கீழே இறக்கி அதில் எடையை ஊன்றுங்கள். 40 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் நகர்கிறோம். முன் சக்கரத்தடியில் கிடக்கும் கல்லைப் பார்ப்பதில் பயனில்லை.

‘விழுந்து எழுந்தால்தான் பயம் தெளியும்’

நண்பர்கள் இப்படிச் சொல்லித்தான் புதியவனைச் செங்குத்தான இறக்கத்தில் தள்ளிவிடுகிறார்கள். மோசமாக விழுந்தவனுக்குப் பயம் ஆழமாக வேர்விடும். பலர் அதோடு சைக்கிளையே விட்டுவிடுகிறார்கள். ஹெல்மெட் இல்லாதவனைக் கூட்டிப் போகவே கூடாது. வளைவு பிடிபடாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் எந்த அவமானமும் இல்லை.

கேட்டு நடக்க வேண்டிய பயங்களும் உண்டு. ஈரச் சாலை, பழுதான பிரேக், இருட்டு. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் காட்டுச் சாலையில் யானை குறுக்கே வரும். பொழுது சாய்ந்துவிட்டால் அந்த இறக்கத்தை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.