எதில் ஒருசீர்மை?

கேள்வி: செம்பனை நாற்று விளம்பரம் ஒன்றில் ‘ஹோமோஜெனிட்டி உறுதி’ என்று போட்டிருக்கிறார்கள். எல்லா மரமும் ஒரே மாதிரி காய்க்கும் என்று பொருளா?
- வாசகர், கோலா சிலாங்கூர்

பதில்: அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருசீர்மையைக் குறிக்கும் இந்தச் சொல் பேச்சில் அதிகம் வராது. வேதியியல், புள்ளியியல், ஆய்வறிக்கைகளில்தான் புழங்குகிறது. அங்கே ‘எதில் ஒருசீர்’ என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். விளம்பரம் அதை விட்டுவிடுகிறது. உங்கள் வட்டாரச் செம்பனையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோகோனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனையைத் தொடங்கியபோது நட்டது, பருப்பைச் சுற்றித் தடித்த ஓடுள்ள டூரா வகை. இன்று நடுவது, டூராவோடு ஓடில்லாத பிசிபெராவைச் சேர்த்துப் பெறும் டெனெரா. முறையாகச் சேர்த்த விதை எல்லாமே மெல்லிய ஓட்டுப் பழம்தான் தரும். ஓட்டைத் தீர்மானிப்பது ஒரே மரபணு என்பதால் அதில் ஒருசீர்மை உண்டு. குலையின் எடையும் மரத்தின் உயரமும் பல மரபணுக்களையும் மண்ணையும் நீரையும் பொறுத்தவை. அவை மரத்துக்கு மரம் மாறும். நன்றாகக் காய்க்கும் டெனெராவின் அடியில் உதிரிப்பழம் பொறுக்கி முளைக்கவைத்தாலோ ஓட்டின் ஒருசீர்மையும் போய்விடும்: ஏறக்குறைய கால்பங்கு டூராவாகும், கால்பங்கு பெரும்பாலும் காய்க்காத பிசிபெராவாகும். நாற்றில் இது கண்ணுக்குத் தெரியாது. மூன்றாம் ஆண்டு வாக்கில் பழத்தைக் குறுக்கே வெட்டி, சதைக்கும் பருப்புக்கும் நடுவே உள்ள ஓட்டைப் பார்த்தால் புரியும். அதுவரை போட்ட உரமும் கொடுத்த கூலியும் வீண். சிறுதோட்டக்காரருக்கு இது தாங்கக்கூடிய நட்டமல்ல.

திசு வளர்ப்பில் ஒரே மரத்திலிருந்து எடுத்த கன்றுகளாவது ஒன்றுபோல இருக்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், மரபணு வரிசையில் அவை ஏறத்தாழ ஒன்றே. ஆனால் 1980களில் அப்படி வளர்த்த மரங்களில் ஒரு பகுதி, புறத்தே மடல்கள் முளைத்த கோணல் பழங்களைத் தந்தது. குலைகள் முற்றாமலே கெட்டன. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்கள் 2015இல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். மரபணு மாறவில்லை, ‘கர்மா’ என்று பெயரிடப்பட்ட ஒரு டிஎன்ஏ துணுக்கின் மேல் இருக்க வேண்டிய வேதிக்குறிதான் அழிந்திருந்தது.

ஆலைக்கும் குலை வெட்டுபவருக்கும் ஒருசீர்மை தேவை என்பதை மறுக்கவில்லை. அதனால்தான் எதில் என்று கேட்கச் சொல்கிறேன். வாரியத்தின் உரிமம் உள்ள நாற்றுமேடையில் வாங்குங்கள். எந்த டூராவும் எந்த பிசிபெராவும் சேர்ந்த விதை என்பதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.