காளையார்கோயில் காடு

ஓடைப்பட்டியில், மேகமலையின் அடிவாரப் பகுதியில் வாழும் எனக்குக் காடு என்றவுடன் ஓங்கி வளர்ந்த மரங்களே நினைவிற்கு வரும். சிவகங்கைச் சீமையின் காளையார்கோயில் காடோ அத்தகையதன்று. முள்மரங்களும் புதர்களும் பின்னிக் கிடந்த வறண்ட நிலக்காடு அது. எனினும், ஒரு பெரும்படையைத் தடுத்து நிறுத்திய பெருமை அதற்கு உண்டு.

1799-ஆம் ஆண்டில் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய இளவல் ஊமைத்துரை, 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பிப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினார். மே திங்களில் அக்கோட்டை வீழ்ந்தது. புண்பட்டு வந்த ஊமைத்துரைக்குச் சிவகங்கையின் மருது சகோதரர் புகலிடம் தந்தனர். அடைக்கலம் புகுந்தவரைக் காட்டிக்கொடுக்க அவர்கள் உடன்படவில்லை. ஆங்கிலக் கும்பினியின் படை அவர்கள்மீது திரும்பியது.

ஜூலை இறுதியில் கர்னல் அக்னியூ, சின்ன மருதுவின் ஊராகிய சிறுவயலை நெருங்கினார். ஊர் பகைவர் கையிற் படலாகாது என்று மருதுவின் மக்களே அதற்குத் தீ மூட்டிவிட்டுக் காட்டினுள் புகுந்தனர். அங்கிருந்து காளையார்கோயில் வரையில் காட்டை வெட்டிப் பாதை அமைக்க அக்னியூ முற்பட்டார். கோடரி ஏந்தியோர் முன்னே மரம் வெட்ட, துப்பாக்கி ஏந்தியோர் அவர்களைக் காத்து நின்றனர். புதர்களின் மறைவிலிருந்து குண்டுகளும் ஈட்டிகளும் பாய்ந்தன. ஏறத்தாழ ஒரு திங்கள் உழைத்தும் பாதை முடிவுறவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் படை பின்வாங்கியது.

கோடரியால் ஆகாததைப் பட்டத்தால் முடிக்கக் கும்பினியார் எண்ணினர். அரச மரபில் உரிமை கோரிய படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் சிவகங்கைக்கு உரியவராக அறிவித்தனர். மருதுவின்பால் நின்றோர் பலர் மனம் இரண்டுபட்டது. என் கருத்தில், காளையார்கோயில் வீழ்ந்தது அன்றேயாகும். அதன்பின் அக்டோபர் 1-ஆம் நாள், படைப்பிரிவுகள் பல திசைகளிலிருந்து புகுந்து கோட்டையைக் கைப்பற்றின.

அதே நாளில், இலண்டன் மாநகரில், பல்லாண்டுகளாகப் போரிட்டு வந்த ஆங்கில அரசும் நெப்போலியனின் பிரெஞ்சு அரசும் சமாதான முன்னுடன்படிக்கையில் கையொப்பமிட்டன. ஐரோப்பாவில் பீரங்கிகள் ஓய்ந்தன. சிவகங்கைக் காட்டிலோ வேட்டை தொடர்ந்தது. அக்டோபர் 24-ஆம் நாள் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பர் 16-ஆம் நாள் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் அம்முடிவையே எய்தினார்.

சின்ன மருதுவின் மகன் துரைசாமி அப்பொழுது பதினைந்து வயதளவே ஆன சிறுவன். 1802 பிப்ரவரியில் அவனும் பிறருமாக எழுபதுக்கு மேற்பட்டோர் பினாங்குத் தீவிற்கு நாடு கடத்தப்பட்டனர்.

இப்போரில் கும்பினிப் படையில் இருந்தவர் வெல்ஷ் என்னும் அதிகாரி. நட்புக் காலத்தில் சின்ன மருதுவிடமே ஈட்டியும் வளரியும் எறியக் கற்றவர் அவர். 1818-ஆம் ஆண்டில் பினாங்கிற்குச் சென்ற அவர்முன் மெலிந்து தளர்ந்த ஒருவர் வந்து நின்றார். அவர் துரைசாமி என்பதை வெல்ஷால் முதலில் அறிந்துகொள்ள இயலவில்லை.